வளவில் கேமரா எங்கே நிற்கிறது?

தமிழ்ப் படத்தில் செட்டிநாட்டு வீடு ஒன்று வருகிறதென்றால் முதல் ஷாட் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஹெலிகேம் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே பறந்து வரும். அடுத்தது முகப்பு. கேமரா தரையோடு தரையாகக் கிடந்து அண்ணாந்து பார்க்க, தேக்குத் தூண்கள் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கும். மூன்றாவது, வளவின், அதாவது வீட்டு நடுவே அறைகள் சூழ்ந்த திறந்த முற்றத்தின், ஒரு மூலையில் அகலமாகப் பார்க்கிற வைட் லென்ஸைப் போட்டு நான்கு பக்கத்தையும் அள்ளிக் காட்டுவது. பெரிய குடும்பம், பெரிய பணம், பெரிய கௌரவம் என்று பார்ப்பவருக்கு நொடியில் விளங்கிவிடும். கதை அங்கிருந்து கிளம்பிப் போய்விடும்.

எனக்கு இதில் தீராத மனக்குறை உண்டு. காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். படப்பிடிப்புக் குழுக்கள் வரும்போது வீடு பார்க்கவும் உள்ளூர் வேலைகளுக்கும் கூடப் போவேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று இந்த வீடுகளுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவதே பிழைப்பாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். மேலே சொன்ன மூன்று ஷாட்டும் விருந்தாளியின் பார்வை. வெளியூரிலிருந்து வந்து வாசலில் நின்று மலைத்துப் போகிறவரின் இடத்தில் கேமரா நிற்கிறது. அதனால் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிற நாமும் அங்கேயே நிற்கிறோம். அந்த வீட்டில் பிறந்து, வளர்ந்து, சமைத்து, சண்டை போட்டு, கிழவியாகி உட்கார்ந்திருப்பவர் அதை எங்கிருந்து பார்க்கிறாரோ, அந்த இடத்துக்குக் கேமரா போனது ரொம்பக் குறைவு. லென்ஸ், லைட், டிராலி என்று எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து முட்டுகிறது: பார்ப்பவரை எங்கே நிறுத்தப் போகிறோம்?

முதலில் லென்ஸ். வைட் லென்ஸ் தூரத்தை இழுக்கும், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுகிற டெலி லென்ஸ் தூரத்தைச் சுருக்கும் என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் இழுப்பதும் சுருக்குவதும் லென்ஸ் இல்லை, கேமரா நிற்கிற இடம். அந்த இடத்திலிருந்து தெரிவதில் எவ்வளவு ஃபிரேமுக்குள் வர வேண்டும் என்பதை மட்டும்தான் லென்ஸ் முடிவு செய்கிறது. இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் வீட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. முகப்பு வாசல், பட்டாலை என்கிற முன்கூடம், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இவை. முன்வாசலில் நின்றால் கடைசி வாசலின் வெளிச்சம் வரை கண்ணுக்குத் தெரியும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடுவில் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கதவும் ஒரே அளவு. கேமராவை முன்வாசலுக்கு 3 மீட்டர் முன்னால் வைத்து 24 மிமீ லென்ஸ் போடுகிறேன் (மிமீ எண் குறையக் குறையப் பார்வை அகலமாகும்). பின்வாசல் கேமராவிலிருந்து 63 மீட்டர் தள்ளி இருக்கிறது, அதாவது 21 மடங்கு தூரம். படத்தில் அது முன்கதவில் 21-ல் ஒரு பங்காகத் தெரியும். அங்கே ஒரு பெண் நின்றால் புள்ளிதான். சரி, இப்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு எதிர்ப்பக்கம், 15 மீட்டர் தள்ளிப் போகிறேன். முன்கதவு ஃபிரேமில் அதே அளவுக்கு நிற்க வேண்டுமானால் 120 மிமீ லென்ஸ் தேவை. இப்போது பின்வாசல் 75 மீட்டர், வெறும் 5 மடங்கு. அந்தப் பெண் முன்னைவிட நான்கு மடங்கு பெரிதாக, அடுக்கடுக்கான நிலைக்கதவுகளுக்கு நடுவே தெரிகிறாள். வீடும் மாறவில்லை, அவளும் நகரவில்லை. முதல் ஷாட்டில் அவள் வீட்டின் கோடியில் தொலைந்து போனவள். இரண்டாவதில் இத்தனை கதவுகளும் ஒன்றுசேர்ந்து அவளை நெருக்குகின்றன. பார்ப்பவருக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. முதலாவதைப் பார்த்தால் மனசு தனிமை என்கிறது, இரண்டாவதைப் பார்த்தால் அவளால் இங்கிருந்து கிளம்ப முடியாது என்கிறது.

ஒரு முறை பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் படப்பிடிப்பு. வீட்டுக்கார ஆச்சி மானிட்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வளவின் மூலையில் 16 மிமீ லென்ஸ் வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏந்தம்பி, இது எந்தூரு வீடு? இம்புட்டுப் பெருசா இருக்கு?”

“நம்ம வீடுதான் ஆச்சி. இந்தா, இந்தத் தூணுதான் அங்க தெரியுது.”

அவர் எழுந்து போய் அந்தத் தூணைப் பார்த்தார். திரும்பி வந்து மானிட்டரைப் பார்த்தார். “அங்கிட்டு நின்னு நாங்க யாரும் பாக்க மாட்டமே” என்றார்.

கேமரா நின்ற மூலை, அண்டாக்களைக் கவிழ்த்து வைக்கிற இடம். வீட்டு மனிதர் யாரும் அங்கே முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்று வீட்டைப் பார்த்ததில்லை. இருக்கிற இடத்தையெல்லாம் ஃபிரேமுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை கேமராவை மூலைக்குத் தள்ளுகிறது. மூலையில் நிற்கிற கண்ணுக்கு வீடு பெரிதாகத் தெரியும், ஆனால் சொந்தமாகத் தெரியாது.

முகத்துக்கும் இதே விதிதான். ஓரடி தூரத்தில் வைட் லென்ஸில் எடுத்த முகத்தில் மூக்கு முன்னால் வரும், காது பின்னால் ஓடும். வாழ்க்கையில் இன்னொருவர் முகத்தை ஓரடியில் பார்ப்பது எப்போது? கைக்குழந்தையைக் கொஞ்சும்போது, மனசுக்கு நெருங்கியவரோடு இருக்கும்போது, இல்லையென்றால் ஒருவன் சண்டைக்கு வரும்போது. அதனால்தான் அப்படி ஒரு க்ளோஸப் வந்ததும் உடம்பு லேசாகப் பின்வாங்குகிறது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று 85 மிமீ லென்ஸில் எடுத்த முகம் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவரின் முகம். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கழுத்திரு என்கிற எங்கள் பக்கத்துத் தாலியைப் பூட்டுகிற நேரத்தில், கேமரா ஆடாமல் பிடிக்கிற கிம்பலோடு மூக்குக்கு நேரே போய் நிற்கும் இளைஞர்களிடம் நான் சொல்வது இதைத்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், அந்தப் பெண்ணின் முகம் அவளுடைய முகமாகவே வரும்.

அடுத்து உயரம். லோ ஆங்கிள் என்றதும் கேமராவைத் தரையில் வைத்து மேலே திருப்புவது மட்டும்தான் நம் நினைவுக்கு வருகிறது. கேமராவின் உயரம் வேறு, அது பார்க்கிற கோணம் வேறு. ஜப்பானிய இயக்குநர் ஓசு தன் படங்களில் பெரும்பாலும் கேமராவை மிகத் தாழ்வாக வைத்தார், ஆனால் அண்ணாந்து பார்க்க வைக்கவில்லை. 50 மிமீ லென்ஸ், ஏறக்குறைய நேர்ப் பார்வை. பாயில் உட்கார்ந்து வாழ்ந்த வீடுகளை, பாயில் உட்கார்ந்தவரோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற உயரம் அது. நம் வீடுகளும் தரையில் உட்கார்ந்து வாழ்வதற்கென்றே கட்டியவைதானே? பட்டாலையில் கணக்குப் பார்த்தது, வளவுத் தாழ்வாரத்தில் பூக் கட்டியது, பந்தியில் சாப்பிட்டது எல்லாம் தரையில். அந்தக் கண்ணின் உயரம் இரண்டரை அடி, மிஞ்சினால் மூன்றடி. அங்கே கேமராவை வைத்து நேராகப் பார்த்தால் என்ன நடக்கிறது தெரியுமா? ஆத்தங்குடிக் கல் பதித்த தரை படத்தில் நீண்டு படுக்கிறது. தூண்களின் அடிக்கல் தெரிகிறது, தலைப்பகுதி ஃபிரேமுக்கு வெளியே போய்விடுகிறது. யாராவது எழுந்து நடந்தால் முதலில் காலும் கொசுவமும் தெரிகின்றன. வீடு அந்தஸ்தைக் கழற்றி வைத்துவிட்டுப் புழங்குகிற இடமாகிறது.

அதே உயரத்தில் லென்ஸை மேலே திருப்புங்கள். தூண்கள் உச்சியை நோக்கிச் சாயும், மனிதர் ராட்சசராவார். ஜமீன்தார் வேடத்துக்கு அது தேவையென்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் எல்லாப் படத்திலும் எல்லா அப்பாவையும் அப்படியே எடுத்தால் செட்டிநாட்டில் அப்பச்சி என்றாலே மிரட்டுகிறவர் என்று ஊரெல்லாம் பதிந்துவிடாதா? பதிந்துதான் இருக்கிறது.

வெளிச்சத்துக்கு வருகிறேன். நான் இந்த வேலையில் இன்றுவரை சலிக்காமல் இருப்பதற்குக் காரணமே வளவின் வெளிச்சம்தான். 1956-ல் வெளியான சத்யஜித் ரேயின் அபராஜிதோ படத்துக்காக, காசி நகரத்து முற்றம் வைத்த வீடு ஒன்றைக் கல்கத்தா ஸ்டூடியோவில் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்குச் சிக்கல். முற்றத்துக்குள் வெளிச்சம் மேலே இருக்கிற வானத் துண்டிலிருந்து இறங்கும், நிழல் கூராக விழாது. ஸ்டூடியோ விளக்குகளை நேரடியாக அடித்தால் அந்த உணர்வே வராது. செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன்மீது அடித்துத் தெறிக்க வைத்தார். துணி வானமாகிவிட்டது. இன்று எந்தக் குழு வந்தாலும் தெர்மோகோல் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறாரே, அது அந்த வழியில் வந்த பழக்கம்தான்.

மித்ரா துணி கட்டி உண்டாக்கியதை எங்கள் வளவு காலை ஏழு மணிக்கே தந்துவிடுகிறது. வெயில் நேராக உள்ளே விழாத நேரத்தில், வானம் மட்டும் வெளிச்சம் தரும்போது, பளபளவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர் அதை வாங்கித் தாழ்வாரத்துக்குள் அனுப்பும். வளவைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரின் முகம் முழுக்க வெளிச்சம். அறையைப் பார்த்துத் திரும்பினால் பாதி முகம் இருட்டில் போய்விடும். பேசிக்கொண்டிருந்தவர் ஓரடி பின்வாங்கித் தூண் மறைவுக்குப் போனால் முகம் சட்டென்று மங்கும். ஒரு வசனமும் வேண்டாம், அவர் பேச்சிலிருந்து விலகிவிட்டார் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். கூட்டுக் குடும்பத்தின் பாதிக் கதை இப்படித்தான் நடக்கிறது: யார் முற்றத்து வெளிச்சத்தில் நின்று பேசுகிறார், யார் கதவோரத்தில் நின்று கேட்கிறார் என்பதில்.

ஆனால் பெரும்பாலான குழுக்கள் வந்ததும் செய்கிற முதல் வேலை, வளவின் மேல்திறப்பைக் கறுப்புத் துணியால் மூடுவது. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும், இரண்டு நிமிடக் காட்சியை நாள் முழுக்க எடுக்கும்போது ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் ஒட்டாது. நண்பகலில் முற்றத்துத் தரைக்கும் உள்ளறைக்கும் ஆறேழு ஸ்டாப் வித்தியாசம் சாதாரணம் (ஸ்டாப் என்பது நாங்கள் வெளிச்சத்தை அளக்கிற அலகு). ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு என்பதால் ஆறு ஸ்டாப் என்றால் 64 மடங்கு. இரண்டையும் ஒரே ஃபிரேமில் பிடிப்பது நல்ல கேமராவுக்கும் கஷ்டம்தான். ஆனாலும் நண்பகலைத் தவிர்த்துவிட்டு, வீட்டின் நேரத்துக்குக் காட்சியை எழுதலாமே? வீட்டின் எந்தக் கட்டுக்குள் எப்போது வெயில் விழும் என்பது வற்றல் காயப்போடுகிற எந்த ஆச்சியிடம் கேட்டாலும் மணிக்கணக்கில் தெரியும். எந்த ஒளிமானியும் அவ்வளவு சரியாகச் சொல்லாது. எழுபதுகளின் பிற்பகுதியில் ஒளிப்பதிவாளர்கள் பாலு மகேந்திராவும் அசோக் குமாரும் இயற்கை வெளிச்சத்தை நம்பி எடுத்தபோது, தமிழ்த் திரையில் முகங்கள் மேக்கப் கலைந்து பக்கத்து வீட்டு முகங்களாக மாறியதை நம் பெற்றோர் தலைமுறை நேரில் பார்த்தது. அந்தத் துணிச்சல் செட்டிநாட்டு வீடுகளுக்குள் இன்னும் முழுசாக நுழையவில்லை என்பது என் ஆதங்கம்.

   

கேமரா நகர்வு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூம் செய்தால் படம் பெரிதாகும், பார்ப்பவர் நின்ற இடத்திலேயே நிற்பார். தண்டவாளத்தில் ஓடுகிற டிராலியில் கேமராவை வைத்துப் போனால் பார்ப்பவரும் கூடவே நடப்பார், ஏனென்றால் அருகில் உள்ள தூண் வேகமாகவும் தூரத்துத் தூண் மெதுவாகவும் கடக்கும். நாம் நடக்கும்போது கண் அப்படித்தான் பார்க்கிறது. 1958-ல் ஹிட்ச்காக்கின் வெர்டிகோ படத்தில் இந்த இரண்டையும் எதிரெதிராக இயக்கினார்கள். முன்னால் இருப்பது அளவு மாறாமல் நிற்க, பின்னால் இருப்பது நழுவி ஓடும். காலுக்குக் கீழே தரை போன மாதிரி வயிறு கலங்கும். 1976-ல் ஸ்டெடிகேம், அதாவது ஆளின் உடம்போடு கேமராவைக் கட்டி ஆடாமல் தாங்குகிற கருவி, திரைக்கு வந்து, தண்டவாளம் இல்லாமலே நடக்க வழி செய்தது. இன்றைய கிம்பல் அதன் மலிவான பேரன். அதிலே எனக்கு ஒரு சங்கடம், தரையே இல்லாத மாதிரி மிதக்கிறது. நிலைப்படி தாண்டும்போது மனிதன் குனிவான், காலைத் தூக்கி வைப்பான். உயரமான நிலைப்படியைக் கேமரா வழுக்கிக்கொண்டு கடந்தால் அங்கே நடப்பது மனிதர் இல்லை என்று பார்ப்பவர் மனசு கண்டுபிடித்துவிடும். பேய்ப் படத்துக்கு நல்லது. பெண் பிறந்த வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புகிற காட்சிக்கு அது வேண்டாம். அந்த நேரத்தில் நான் கேமராவைக் கையில்தான் வைத்துக்கொள்கிறேன், மூச்சுக்கு அது அசைந்தாலும் பரவாயில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது மங்கலான பின்னணி. 1.4 அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை; எண் குறைந்தால் துளை பெரிது, பின்னணி மங்கும்) லென்ஸ் எல்லோர் கைக்கும் வந்த பிறகு, பெண்ணின் இமைமுடி மட்டும் துல்லியம், மற்றதெல்லாம் வண்ணத் திட்டு. ஃபோட்டோவுக்கு அழகு. ஆனால் ஒரு செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது முக்கியம். அயித்தை கண்ணைத் துடைக்கிறார், அவருக்குப் பின்னால் இரண்டு பங்காளிகள் பல வருஷத்துக்குப் பிறகு பேசிக்கொள்கிறார்கள், அதற்கும் பின்னால் சமையல்காரர் எட்டிப் பார்க்கிறார். 1941-ல் சிட்டிசன் கேன் படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் முன்னால் இருப்பதிலிருந்து பின்னால் இருப்பது வரை எல்லாவற்றையும் துல்லியமாக எடுத்ததற்குப் பலன் இதுதான். எதைப் பார்ப்பது என்பதைப் பார்ப்பவரே தேடித் தேர்ந்துகொள்கிறார். அன்றைக்கு அதற்குக் கண் கூசும் விளக்கு வேண்டியிருந்தது. இன்றைய சென்சாரில் அப்பர்ச்சரை 8-ல் வைத்துக்கொண்டே வளவில் எடுக்கலாம். வசதி வந்த பிறகு வீட்டைக் கரைத்துவிடுகிறோம்.

காரைக்குடிக்குச் சினிமா புதிது இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏவி.எம். ஸ்டூடியோ தொடங்கியதே இங்கேதான், தேவகோட்டை ரஸ்தாவில். 1947-ல் வந்த நாம் இருவர் அங்கே உருவானது. 1948-ல் ஸ்டூடியோ சென்னைக்குப் போய்விட்டது. வீடுகளெல்லாம் நல்ல நிலையில், ஆட்களோடு இருந்த காலம் அது. அன்றைய கேமராக்கள் செட்டுக்குள்ளேயே நின்றுவிட்டன என்று நினைக்கும்போது எனக்கு ஏக்கமாக இருக்கும்.

இப்போது நிலைமை வேறு. பங்கு பிரிப்பது கஷ்டமாகி, பராமரிக்க ஆளில்லாமல், வீடுகளைப் பிரித்து விற்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தூணும் நிலையும் எனாமல் பாத்திரமும் விலைக்கு நிற்பதை எல்லோரும் பார்க்கலாம். போன வருஷம் நான் கல்யாணம் எடுத்த வீட்டின் கதவு அங்கே சாய்த்து வைத்திருந்தது. இனி அந்த வளவு எப்படியிருந்தது என்று கேட்டால், பதில் வீடியோவில்தான் இருக்கிறது.

எந்த வீடியோவில் என்பதுதான் விஷயம். வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஹெலிகேம் ஷாட் வரும்போது “நல்லா எடுத்திருக்காங்க” என்பார்கள், அவ்வளவுதான். எண்பது தொண்ணூறுகளின் விஎச்எஸ் கல்யாண கேசட்டைப் போட்டால் சத்தம் எழும்பும். பானாசோனிக் எம் 9000 போன்ற தோள் கேமரா, கூடவே கண்ணைப் பறிக்கிற வீடியோ லைட். எடுத்தவருக்கு வசதி குறைவு. ஆனால் கேமரா ஒரு மனிதரின் தோளில் இருந்தது, உறவுக்காரர்களுக்கு நடுவில் இடித்துக்கொண்டு நின்றது, பந்தியில் குனிந்தது, இரண்டாம் கட்டில் பெண்கள் காய் நறுக்கும் இடத்துக்குப் போய் திட்டு வாங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே “இந்த இடத்துலதான் ஐயா உக்காந்திருப்பாக” என்று ஒருவர் விரலை வைத்துக் காட்டுவார். வைட் லென்ஸில் எடுத்த எந்த மாளிகை ஷாட்டுக்கும் யாரும் அப்படி விரலை வைத்து நான் பார்க்கவில்லை.

அந்த கேசட்டுகள் இப்போது பரண்களில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து பழைய டெக்கில் நேரடியாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் ஓட்டும்போது டேப்பைப் படிக்கிற ஹெட்டும் கெடும், டேப்பும் அறுபடும். வறண்ட இடத்தில் நிமிர்த்தி வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். ‘தேவையில்லாத’ பகுதி என்று அடுப்படியையும் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பதையும் வெட்டச் சொல்லாதீர்கள், மூன்று மணி நேரத்தையும் அப்படியே வாங்குங்கள். மாற்றியதும் வீட்டில் வயதானவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட விட்டு, அவர் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.